தட்டுவது யார்?

தென்னந்தோப்பு உள்ள ஊர்க்காரர்களுக்கு அந்தக் குரலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'கிகிகிகிகீ' என்று கனைத்தபடி அலையலையாகப் பறந்து வந்து, தண்டில் அப்பிக்கொள்ளும் பொன்முதுகு மரங்கொத்தி. ஆணுக்கு உச்சந்தலை முழுக்கச் சிவப்பு. பெண்ணுக்கு முன்தலை கருப்பு, அதில் வெள்ளைப் பொட்டுகள். பின்னால் கொண்டை மட்டும் சிவப்பு.

குரல் ஒரு பக்கம் இருக்கட்டும், தட்டலைக் கவனியுங்கள். டொக்... டொக்டொக்... என்று விட்டுவிட்டுக் கேட்டால் பட்டைக்குள் புழு தேடுகிறது என்று பொருள். ஓட்டை விழுந்ததும் நீண்ட நாக்கு உள்ளே போகும். அந்த நாக்கைத் தாங்கும் எலும்பு மண்டையோட்டைப் பின்புறமாகச் சுற்றி நெற்றிப் பக்கம் வரை வருகிறது!

படபடவென்று ஒரே மூச்சில் அடித்தால் அது சாப்பாட்டுக்கு அல்ல. 'இது என் இடம்' என்ற முரசு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில், காக்கையைவிடப் பெரிய வெள்ளை வயிற்றுக் கரும் மரங்கொத்தி இப்படி அடித்தால் வெகுதூரம் கேட்கும். செம்பழுப்பு மரங்கொத்தியின் முரசோ வேகமாகத் தொடங்கி, பெட்ரோல் தீர்ந்த மோட்டார் போல இழுத்து இழுத்து அடங்கிவிடும்.

என்னைக் கேட்டால் இந்தச் செம்பழுப்புக்காரர்தான் பெரிய கில்லாடி. அதன் முக்கிய உணவு எறும்பு. முட்டையிடுவதும் எறும்புப் புற்றுக்குள்தான்! வயிற்றுநுனியை மேலே தூக்கிக்கொண்டு ஓடும் ஒருவகை எறும்பு, மரக்கிளையில் கருப்பு உருண்டையாகக் கூடு கட்டும். அதைக் குடைந்து, எறும்புகள் உள்ளே இருக்கும்போதே குடித்தனம் நடத்துகிறது இந்தப் பறவை.

மரங்கொத்திகளுக்கு எதிரிகள் இல்லாமலா? வல்லூறு வந்தால் சத்தமில்லாமல் தண்டின் மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். முட்டைக்கும் குஞ்சுக்கும் பாம்பு, உடும்பு பயம். அன்றாடத் தொல்லை என்னவோ மைனாவும் கிளியும்தான். பாடுபட்டுக் குடைந்த பொந்தை வந்து பிடுங்கிக்கொள்ளும்.

தோப்பில் பட்டுப்போன மொட்டைத் தென்னை இருந்தால், வெட்டுமுன் அண்ணாந்து பாருங்கள். பொன்முதுகு பெரும்பாலும் குஞ்சு பொரிப்பது பிப்ரவரி முதல் ஜூலை வரை. அதுவரை ஆள் விடாதீர்கள். ஆகஸ்டில் வெட்டலாம், அப்போது உள்ளிருந்து ஒரு புள்ளி ஆந்தை முறைத்துப் பார்த்தால் நான் பொறுப்பல்ல.