கருவி எவர் கையில்?



2016ஆம் ஆண்டிலே பிரித்தானியாவில் பி.பி.சி. நிறுவனம், வேறு பல தாபனங்களுடன் சேர்ந்து, 11, 12 வயது மாணாக்கருக்கு மைக்ரோபிட் என்னும் சிறு கணினிப் பலகையை இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. ஏறக்குறைய 10 இலட்சம் பலகைகள்! உள்ளங்கைக்குள் அடங்கும் அதில் 25 சிறு விளக்குகளும், இரண்டு பொத்தான்களும், அசைவை உணரும் கருவியும் உள. அது மாணாக்கருக்கே சொந்தம். வீட்டுக்குக் கொண்டு போகலாம். இதுவே எனக்குப் பெரிதாகப் படுகின்றது.

நான் படித்த பாடசாலையில் ஆய்வுகூட அலுமாரி பூட்டியே கிடந்தது. உடைந்துவிடுமே என்ற அச்சம்! பாவம், கணக்குக் காட்ட வேண்டியவர் ஆசிரியரல்லவா? ஆனால், கம்பியை மாற்றித் தொடுத்துவிட்டு, விளக்கு ஏன் எரியவில்லை என்று பிள்ளை தேடுகின்ற அந்த அரைமணி நேரமே பாடம். விடுமுறையில் நம் மண்டபத்திலே இத்தகைய பயிற்சிப் பட்டறை நடத்துவோமாயின், உடையப்போகும் பொருள்களுக்கும் முன்கூட்டியே பணம் ஒதுக்கிவிடுங்கள்.