நம் வீட்டு வைஃபைக்கும் ஒரு பூட்டு வேண்டும்

(நமது குடியிருப்பின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் நெட்வொர்க் துறையில் வேலை பார்ப்பதால், வைஃபை பாதுகாப்பு பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். தொழில்நுட்பப் பேச்சைக் குறைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் நாம் செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது நினைவிருக்கும். குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அது எங்கிருந்து புறப்பட்டது என்று போலீஸ் தேடிப் போனபோது, நவி மும்பையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் போய் நின்றார்கள். அந்த வீட்டில் இருந்தவர் ஓர் அமெரிக்கர். அவருக்கும் அந்த மின்னஞ்சலுக்கும் சம்பந்தமில்லை. அவர் வீட்டு வைஃபை பாதுகாப்பில்லாமல் இருந்தது, யாரோ அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆனாலும் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது அவர்தான். அதே ஆண்டில் மும்பையில் ஒரு கல்லூரியின் இணைப்பும், ஒரு நிறுவனத்தின் இணைப்பும் இதே மாதிரி பயன்படுத்தப்பட்டன.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. "என் வீட்டு வைஃபையில் திருட என்ன இருக்கிறது?" என்று பலர் கேட்கிறார்கள். உங்கள் இணைப்பிலிருந்து என்ன போனாலும், இணையத்தில் பதிவாவது உங்கள் பெயரில் இருக்கும் இணைப்பு. போலீஸ் முதலில் வருவது உங்கள் கதவுக்குத்தான்.

தனி வீட்டில் வைஃபை சிக்னல் பெரும்பாலும் காம்பவுண்டுக்குள் முடிந்துவிடும். நமக்கு அப்படி இல்லை. உங்கள் போனில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள், பத்துப் பதினைந்து பெயர்கள் வரும். அவர்களுடையது உங்களுக்குத் தெரிகிறது என்றால் உங்களுடையது அவர்களுக்கும், கீழே பார்வையாளர் பார்க்கிங்கில் வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். அந்தப் பட்டியலில் சிலர் வீட்டு எண்ணோடு குடும்பப் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். அதை மாற்றிவிடுங்கள். பூ பெயரோ ஊர் பெயரோ எது வேண்டுமானாலும் இருக்கட்டும், வீட்டு எண் மட்டும் வேண்டாம்.

இரண்டு பாஸ்வேர்டு இருக்கிறது

நம்மில் பலருக்கு ஒரு பாஸ்வேர்டுதான் தெரியும், அதாவது போனை வைஃபையில் இணைக்கப் போடுவது. ரவுட்டருக்கு இன்னொன்றும் உண்டு. அதன் அமைப்புப் பக்கத்துக்குள் நுழையும் பாஸ்வேர்டு. பிரவுசரில் 192.168.1.1 என்றோ, ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள முகவரியையோ அடித்தால் அந்தப் பக்கம் வரும். பழைய ரவுட்டர் பலவற்றில் அதன் பயனர் பெயரும் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'. முதல் பாஸ்வேர்டு வீட்டு வாசல் சாவி என்றால், இரண்டாவது பீரோ சாவி.

அந்தச் சாவி கிடைத்தவர் என்ன செய்ய முடியும்? நீங்கள் வங்கியின் முகவரியை அடிக்கும்போது அது எந்தக் கம்ப்யூட்டரைப் போய்ச் சேர வேண்டும் என்பதைச் சொல்லும் அமைப்பு ரவுட்டருக்குள் இருக்கிறது. அதை மாற்றிவிட்டால், சரியான முகவரியை அடித்தாலும் போலிப் பக்கத்துக்குப் போவீர்கள். பிரேசிலில் 2011-12இல் இப்படி சுமார் 45 லட்சம் மோடம்களின் அமைப்பு மாற்றப்பட்டது தெரியவந்தது. அந்த வீடுகளில் கம்ப்யூட்டரில் எந்த வைரஸும் தேவைப்படவில்லை. மூலையில் இருந்த பெட்டியை மாற்றினாலே போதுமானதாக இருந்தது.

ஆகவே இன்றே முதல் வேலை: அமைப்புப் பக்கத்தின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கூடவே, வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

போன் நம்பர் பாஸ்வேர்டு ஆகாது

இணைப்பைப் பொருத்த வரும் தம்பி, நம் மொபைல் எண்ணையே வைஃபை பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டுப் போவது வழக்கம். பத்து இலக்கம் பெரிதாகத் தோன்றும். ஆனால் நம் நாட்டு மொபைல் எண்கள் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில்தான் தொடங்கும். அப்படியானால் மொத்தம் இருக்கக்கூடியவை 400 கோடி. நமக்கு அது பெரிய எண். நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் கம்ப்யூட்டருக்குச் சில மணி நேர வேலை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. திருட வருபவர் உங்கள் ரவுட்டரிடம் 400 கோடி முறை கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். இப்போது பெரும்பாலான வீடுகளில் இருக்கும் டபிள்யூ.பி.ஏ.2 முறையில், உங்கள் போன் ரவுட்டரோடு இணையும்போது நடக்கும் பரிமாற்றத்தை ஒரு தடவை பதிவு செய்துகொண்டால் போதும். மீதியை அவர் வீட்டில் உட்கார்ந்து ஊகித்துக்கொள்ளலாம். உங்களுக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

இதற்கு மருந்து நீளம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். முருங்கை, ரயில், கண்ணாடி, ஊறுகாய் என்பது போல. (இதையே போட்டுவிடாதீர்கள், இங்கே எல்லோரும் கேட்டுவிட்டோம்.) பாட்டிக்கும் நினைவிருக்கும், கம்ப்யூட்டருக்கும் கஷ்டம். 63 எழுத்து வரை இடம் இருக்கிறது.

2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 முறையில் இப்படி வீட்டில் உட்கார்ந்து ஊகிக்கும் வழி அடைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் ரவுட்டரில் அது இருந்தால் தேர்ந்தெடுங்கள். பழைய போன்கள் இணைய மறுத்தால், 2-ம் 3-ம் கலந்த தேர்வைப் போடுங்கள். டபிள்யூ.இ.பி. என்று இருந்தால் மட்டும் உடனே மாற்ற வேண்டும். அதை உடைக்கும் வழி 2001லேயே வெளியாகிவிட்டது.

பட்டன் வசதியை அணையுங்கள்

ரவுட்டரில் டபிள்யூ.பி.எஸ். என்று ஒரு பட்டன் இருக்கும். பாஸ்வேர்டு அடிக்காமல் இணைக்கும் வசதி. இதோடு சேர்ந்து எட்டு இலக்க எண் ஒன்றும் உண்டு. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு இருக்க வேண்டும். ஆனால் ரவுட்டர் முதல் நான்கு இலக்கத்தைத் தனியாகவும் மீதியைத் தனியாகவும் சரிபார்க்கிறது. கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. ஆக 10,000 கூட்டல் 1,000, மொத்தம் 11,000 முயற்சிதான். 2011இல் இதைக் கண்டுபிடித்தார்கள். உங்கள் பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்தப் பின்வாசல் திறந்திருந்தால் பயனில்லை. அமைப்புப் பக்கத்தில் இதை அணைத்துவிடுங்கள்.

ரவுட்டருக்கும் அப்டேட் உண்டு

போனுக்கு அப்டேட் போடுகிறோம், ரவுட்டரை மறந்துவிடுகிறோம். 2017 அக்டோபரில் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆய்வாளர் மேத்தி வான்ஹூஃப், டபிள்யூ.பி.ஏ.2 முறையிலேயே உள்ள ஒரு குறையை வெளியிட்டார். 'கிராக்' என்று அதற்குப் பெயர். பாஸ்வேர்டை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது, அப்டேட் ஒன்றுதான் வழி. 2018இல் 'விபிஎன்ஃபில்டர்' என்ற தீய மென்பொருள் 54 நாடுகளில் ஐந்து லட்சம் ரவுட்டர்களுக்கு மேல் புகுந்தபோது, அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது.

அமைப்புப் பக்கத்தில் 'ஃபர்ம்வேர்' என்ற பகுதியில் தானாக அப்டேட் ஆகும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். இணைப்பு நிறுவனம் கொடுத்த பெட்டி என்றால் வாடிக்கையாளர் சேவையில், "இந்த மாடலுக்கு இன்னும் அப்டேட் வருகிறதா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். பழைய பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் போடும் முன், பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் ஊசியை வைத்து அழுத்தி அதை ரீசெட் செய்யுங்கள். உங்கள் பாஸ்வேர்டு அதற்குள்தான் இருக்கிறது.

நம் பொது வைஃபை

இனி நம் எல்லோருக்கும் பொதுவான விஷயம். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தன்னார்வமாக உழைக்கும் செயற்குழு இது.

சமுதாயக் கூடத்து வைஃபையின் பாஸ்வேர்டு அறிவிப்புப் பலகையில் மூன்று வருடமாக ஒட்டியிருக்கிறது. வீடு காலி செய்து போனவர்கள், கல்யாண கேட்டரிங்காரர்கள், லிஃப்ட் பழுது பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் அது இருக்கிறது. அதே ரவுட்டரில்தான் நம் சிசிடிவி கேமராக்களின் பதிவுப் பெட்டியும், அலுவலகக் கம்ப்யூட்டரும் இணைந்திருக்கின்றன. கம்ப்யூட்டரில் பராமரிப்புக் கட்டணக் கணக்கும், குடியிருப்பவர்களின் தொலைபேசி எண்களும் இருக்கின்றன. கேமராவில் எந்தப் பிள்ளை எத்தனை மணிக்குத் தனியாகப் பள்ளி வேனுக்குப் போகிறது, யார் வீடு நான்கு நாளாகப் பூட்டியிருக்கிறது என்பதெல்லாம் தெரியும். பாதுகாப்புக்காக நாம் வைத்த கேமரா, நம்மைக் கண்காணிக்க வேறொருவருக்கு உதவக்கூடாது.

2016இல் 'மிராய்' என்ற தீய மென்பொருள் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அதன் கையில் இருந்தது, தொழிற்சாலையிலிருந்து வரும் பயனர் பெயர், பாஸ்வேர்டு அறுபது சொச்சம் ஜோடி கொண்ட ஒரு பட்டியல்தான். வாங்கியவர்கள் அவற்றை மாற்றவில்லை, அவ்வளவே.

செயற்குழுவிடம் நான் வைக்கும் கோரிக்கை மூன்று. ஒன்று, கேமராவும் அலுவலகக் கம்ப்யூட்டரும் தனி நெட்வொர்க்கில் இருக்க வேண்டும், சமுதாயக் கூடத்துக்கு 'கெஸ்ட்' நெட்வொர்க் தனியாக வேண்டும். இப்போதுள்ள ரவுட்டரிலேயே கெஸ்ட் வசதி இருக்கிறது. இரண்டு, பதிவுப் பெட்டியின் பாஸ்வேர்டு உடனே மாற்றப்பட்டு, தலைவர், செயலாளர் இருவரிடம் மட்டும் இருக்க வேண்டும். பராமரிப்பு நிறுவனத்துக்குத் தேவைப்பட்டால் தனிக் கணக்கு கொடுத்து, வேலை முடிந்ததும் நீக்க வேண்டும். மூன்று, கெஸ்ட் பாஸ்வேர்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற வேண்டும்.

கூட்டத்துக்கு முன் கேட்ட சில கேள்விகள்

"வாட்ச்மேனுக்குப் பாஸ்வேர்டு கொடுத்ததுதான் பிரச்சினையா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை. பன்னிரண்டு மணி நேரம் கேட்டில் நிற்கும் அண்ணன், ஊரில் இருக்கும் பிள்ளையோடு வீடியோவில் பேச வைஃபை கேட்பது தப்பில்லை. கேமராவும் அவர் போனும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதுதான் தப்பு. கெஸ்ட் நெட்வொர்க் வந்தால் அவருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும், வரும் உறவினருக்கும் இதே முறைதான். ஸ்மார்ட் டிவி, வீட்டுக் கேமரா போன்றவற்றையும் கெஸ்ட்டிலேயே போடுங்கள்.

"வைஃபை பெயரை மறைத்து வைத்தால் போதாதா?" போதாது. மறைத்த பெயரைக் கண்டுபிடிக்க இலவச மென்பொருளே இருக்கிறது.

"பிள்ளைகள் வெளிநாட்டில், எங்களுக்கு இதெல்லாம் தெரியாது" என்று மூத்த குடியிருப்பாளர்கள் சிலர் சொன்னார்கள். அடுத்த இரண்டு சனிக்கிழமை மாலை 5 முதல் 7 வரை நான் அலுவலகத்தில் இருப்பேன். கேட்டால் வீட்டுக்கே வந்து செய்து தருகிறேன். புதுப் பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள், நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். போனில் யாராவது "வைஃபை கம்பெனியிலிருந்து பேசுகிறோம்" என்று பாஸ்வேர்டோ ஓ.டி.பி.யோ கேட்டால் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

இன்று மாலை செய்ய வேண்டியவை: அமைப்புப் பக்கத்தின் பாஸ்வேர்டு, நீளமான வைஃபை பாஸ்வேர்டு, டபிள்யூ.பி.எஸ். அணைப்பு, அப்டேட், கெஸ்ட் நெட்வொர்க். அரை மணி நேரம் போதும், ஒரு ரூபாய் செலவில்லை. என் மூன்று கோரிக்கைகளையும் இன்றைய கூட்டத்திலேயே வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.