தடைபட்ட மனம்



வானொலிப் பெட்டி கரகரத்தால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுகிறோம். அத்தட்டினால் உள்ளே என்ன சீராகும் என்பதை நாம் அறியோம். ஆயினும் கை சும்மா இருப்பதில்லை. விரும்பியதை அடையவொட்டாமல் ஒரு தடை குறுக்கே நிற்கும்போது எழும் இக்கொதிப்பை உளநூலார் மனமுறிவு என்பர். பெட்டியைத் தட்டுவது மனித இயல்பு. தூக்கித் தெருவில் எறிவது இயல்பு கடந்தது. இரண்டுக்கும் இடையே கோட்டை எங்கே கிழிப்பது? அதைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகிறேன்.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நான் படித்த ஆராய்ச்சி ஒன்று இன்னும் நினைவில் நிற்கிறது. பார்க்கர், டெம்போ, லெவின் என்னும் மூவர் அமெரிக்காவின் அயோவாவில் நடத்தி, 1941-ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. 2 முதல் 5 வயது வரையுள்ள 30 குழந்தைகளுக்கு முதலில் எளிய பொம்மைகளைக் கொடுத்தனர். பின்னர் மிக அழகிய பொம்மைகளைக் காட்டி, அவற்றோடு சற்று நேரம் விளையாடவும் விட்டனர். பிறகு குழந்தைகளைப் பழைய பொம்மைகளிடம் அழைத்து வந்து, நடுவே கம்பி வலைத் தடுப்பை இறக்கிப் பூட்டிவிட்டனர். நல்ல பொம்மைகள் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டா. குழந்தைகளுள் பெரும்பாலோரின் விளையாட்டு, சராசரியாக ஏறத்தாழ ஒன்றரை வயது குறைந்த குழந்தைகளின் விளையாட்டைப் போல் ஆகிவிட்டதாம்! சிலர் பொம்மைகளை அடித்தனர். சிலர் அறையை விட்டே போக முயன்றனர். நாற்பது வயது மனிதர் பேருந்து நிற்காமல் போனதற்குத் தரையை உதைப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் கம்பி வலை நினைவுக்கு வரும்.

இவ்வளவும் படித்தவன்தான் நான். எனினும் 2009-ஆம் ஆண்டில், விசைத்தறிகள் மிகுந்த ஓர் ஊரில் தலைமையாசிரியனாக இருந்தபோது பெரும் பிழை ஒன்று செய்தேன். பத்தாம் வகுப்பில் இரு மாணவர்கள். ஒருவனைக் கபடிக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவன் பெஞ்சை உடைத்தான். பிறர் நோட்டுகளைக் கிழித்தான். மற்றவன் நன்றாகப் படிப்பவன். பத்தாவதோடு படிப்பு போதும், தறிக்கு வந்துவிடு என்று அவன் தந்தை சொல்லிவிட்டார். அவன் ஒன்றையும் உடைக்கவில்லை. எதிர்த்து ஒரு சொல்லும் பேசவில்லை. முன்னவனை என் அறை வாயிலில் நாள்தோறும் நிற்க வைத்தேன். பின்னவனை, ‘அடக்கமான பிள்ளை’ என்று ஆசிரியர் கூட்டத்தில் பாராட்டினேன்.

ஆரவாரம் செய்கிறவனே நோயாளி, அமைதியாக இருப்பவன் நலமுடையவன் என்று எண்ணிவிட்டேன். ஆசிரியர்களுக்கு இது எளிதில் நேரும் மயக்கம். வகுப்புக்கு இடையூறு செய்யாதவனிடம் குறை இருப்பதாக நமக்குத் தோன்றுவதில்லை. மருத்துவர்கள் பார்க்கும் முறை வேறு. இவன் ஊராரைப் போல் இருக்கிறானா என்பதைவிட, முன்பிருந்த தன்னைப் போல் இருக்கிறானா என்று கேட்கிறார்கள். உறக்கம், உணவு, வேலை, பிறரோடு பழகுதல் ஆகியவை கெட்டனவா? எத்தனை நாளாய்? ஏமாற்றத்தால் இரண்டு நாள் முகம் வாடுவது எவருக்கும் உள்ளதே. ஏறத்தாழ நாள் முழுதும் நீங்காத சோர்வு இரண்டு வாரம் தொடர்ந்து, உணவும் உறக்கமும் குலைந்தால், அதை மனச்சோர்வு நோயோ என்று ஐயுற வேண்டும்.

அடக்கமான பிள்ளை திடீரென்று பள்ளிக்கு வராமற்போனான். பதிவேட்டில் அவன் பெயரை நீக்கும் தறுவாயில், வாயிலில் நின்றுகொண்டிருந்த முரடன் உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னான்: “அவன் ஒரு மாதமாகச் சாப்பிடுவதே இல்லை, சார். அவன் சோற்றை நான்தான் சாப்பிட்டேன்.”

அன்று மாலையே அவன் வீட்டுக்குச் சென்றேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மறுநாள் தந்தையும் நானும் அவனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மனநல மருத்துவர் மருந்து கொடுத்தார். பல வாரம் பொறுமையாகப் பேசினார். (மாவட்ட மனநலத் திட்டம் நம் நாட்டில் 1996-இலேயே தொடங்கியிருந்தது. அவ்வூர்ப் பெற்றோர் பலருக்கு அது தெரியாது. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கும் தெரியாது. 2022-இலிருந்து 14416 என்னும் எண்ணில் தொலைபேசியிலும் கட்டணமின்றி அறிவுரை பெறலாம்.)

அவ்வாண்டுத் தேர்வு அவனுக்குத் தவறிப்போயிற்று. அடுத்த ஆண்டில் எழுதித் தேறினான். தந்தை மேல்நிலைக் கல்விக்குக் கடைசிவரை இசையவில்லை. தடை விலகவில்லை; பையன்தான் வழியை மாற்றிக்கொண்டான். ஐ.டி.ஐ.யில் சேர்ந்து எலக்ட்ரீஷியன் ஆனான். அது அவன் விரும்பிய படிப்பன்று. சென்ற ஆண்டு என் வீட்டு மின்விசிறியைப் பழுதுபார்க்க வந்தபோது, அதைப் பற்றி இன்னும் வருத்தம் உண்டா என்று கேட்டேன். “உண்டு, சார்” என்றான். பிறகு ஏணியிலிருந்து இறங்கி, என் மனைவி வைத்த இட்லியில் ஆறைச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.