வான்வழிச் செல்லும் மந்திரம்

நமது பழைய இலக்கியங்களில் விமானம் உண்டா என்று வகுப்பில் மாணவர் கேட்பதுண்டு. இராமாயணத்துப் புட்பக விமானத்தைச் சொல்வோம். சீவக சிந்தாமணியில், கருவுற்ற விசயைக்காகச் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியையும் சொல்வோம். ஆயின், யாழ்ப்பாணத்தவராகிய எமக்கு இவற்றினும் நெருக்கமான வான்பயணமொன்று சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையிலே உண்டு.

புகார் நகரின் உவவனத்தில் உறங்கிய மணிமேகலையை, மணிமேகலா தெய்வம் வான்வழியே எடுத்துச் சென்று, முப்பது யோசனை தெற்கேயுள்ள மணிபல்லவத்தில் வைத்துவிட்டுப் போகிறது. அத்தீவு நமது நயினாதீவே என்று கருதும் அறிஞர் பலர், மறுப்போரும் உளர். அவ்வாதத்தில் நான் இன்று புகவில்லை. போகும்போது அவளுக்கு அறிவில்லை, உறங்கியபடியே போனாள். திரும்பும்போதோ தெய்வம் தந்த மந்திரத்தின் துணையால், கையில் அமுதசுரபியுடன் தானே பறந்து போனாள். போனதும் வந்ததும் ஒரே வானம்தான். ஆனால் போனவள் வேறு, வந்தவள் வேறு.

இக்காதைகளைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். அவற்றின் பொருள் எனக்கு உறைத்தது 2023ஆம் ஆண்டில், பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்தபோதுதான்.

பலாலி விமானத் தளம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய வான்படையினர் அமைத்தது. எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை 1947 டிசெம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குச் சென்றது. பின்னர் போர் வந்தது. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டதை நாம் மறத்தற்கில்லை. 2019 ஒக்ரோபரில் அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2020இல் கொள்ளைநோயால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது.

என்னுடன் வந்தவர் எனது பெரியம்மா. வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். 1990 ஆனியில் ஊரை விட்டு ஓடியபோது, அவருடைய தங்கை, அதாவது என் சின்னம்மா, மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேசுவரம் போய்ச் சேர்ந்தார். அன்று பிரிந்த இருவரும் ஒருவரையொருவர் காணாமல் முப்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன.

சிறிய விமானம். நல்லூரையும் நயினாதீவையும் பார்த்துவிட்டுத் திரும்பும் சுற்றுலாப் பயணிகள் சிலரும் இருந்தனர். விமானம் எழுந்ததும் பெரியம்மா யன்னலோடு ஒட்டிக்கொண்டார். கீழே செம்மண் நிலமும் பனைகளும் ஒரு கணம் தெரிந்தன.

“தம்பி, எங்கட கிணத்தடி தெரியுதோ?” என்றார்.

நான் பார்ப்பதற்குள் கடல் வந்துவிட்டது.

ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல்தான் பயணம். பணியாளர் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் தரையிறங்கும் அறிவித்தல் வந்தாற்போலிருந்தது. “இவ்வளவுதானோ தூரம்?” என்று பெரியம்மா கேட்டார். பிறகு சென்னை வரும் வரை ஒன்றும் கதைக்கவில்லை.

சகோதரிகள் சந்தித்ததை நான் விவரிக்கப் போவதில்லை. விடைபெறும் நாளில் சின்னம்மா கேட்டதை மட்டும் சொல்கிறேன். “அக்கா, நீ போற பிளேனிலை நானும் வரேலாதோ?”

வர இயலாது. அகதியாகப் பதிந்தவர் அவர். கடவுச்சீட்டு இல்லை. நாடு திரும்புவதென்றால் பயணப் பத்திரமும், வெளியேறுவதற்கான அனுமதியும் பெறவேண்டும். அவற்றைப் பெற்று வந்தாலும், பேரப்பிள்ளைகள் அங்கே, பிறந்த மண் இங்கே.

நேயர்களே, மணிபல்லவத்தில் மணிமேகலை மட்டும் இருக்கவில்லை. அவளுக்கு முன் ஆபுத்திரனும் அங்கே இருந்தான். காற்றுக்காக ஒதுங்கிய கப்பலிலிருந்து இறங்கியவன் அவன். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிக் கப்பல் போய்விட்டது. கையில் அமுதசுரபி இருந்தது; உண்பிக்க ஒருவருமில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான். சாத்தனார் ஒரே தீவில் இருவரை வைத்தார்: மந்திரம் பெற்றுப் பறந்தவள் ஒருத்தி, கப்பல் தவறவிட்டவன் ஒருவன். எங்கள் குடும்பத்தில் இருவரும் அக்காவும் தங்கையுமாக இருந்தனர். எவளுக்கு மந்திரம் கிடைத்தது என்பது கடவுச்சீட்டைப் பொறுத்திருந்தது.

திரும்பும்போது விமானம் தாழ்ந்து வடகரையை அணுகியது. இம்முறை பெரியம்மா கிணற்றைத் தேடவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மடியிலே தங்கை கட்டிக் கொடுத்த முறுக்குப் பொதி இருந்தது.

அடுத்த வாரம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். “சேர், மணிமேகலைக்குப் பறக்கிற மந்திரம் கிடைச்சது. ஆபுத்திரனுக்கு ஏன் ஒருத்தரும் குடுக்கேல்லை?”

ஊழ்வினை என்று சொல்லிவிட்டு அடுத்த காதைக்குப் போயிருக்கலாம். முன்னர் அப்படித்தான் போயிருக்கிறேன். அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, எனக்கொரு சின்னம்மா இருக்கிறார் என்று சொல்லத் தொடங்கினேன்.