விரத நாளும் ஈரலின் சேமிப்பும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



உயர்தர வகுப்பில் நாங்கள் கிளைக்கோசனைப் பாடமாக்கினோம். அது பரீட்சையோடு முடிகிற பாடமல்ல என்று எனக்கு உணர்த்தியவர் என் அம்மா.

உண்ணும் சோறும் இடியப்பமும் குளுக்கோசாகி இரத்தத்தில் சேரும்போது சதையி இன்சுலினைச் சுரக்கிறது. அதன் ஏவலால் மிகுதிக் குளுக்கோசு கிளைக்கோசனாகச் சேமிக்கப்படுகிறது: ஈரலில் ஏறத்தாழ 100 கிராம், தசைகளில் ஏறத்தாழ 400 கிராம். தசை தன் சேமிப்பைத் தானே செலவிடும். ஈரல்தான் மற்றவர்களுக்கும் கொடுக்கும். நாம் உறங்கும்போது குளுக்ககன் என்னும் ஓமோன் சொல்ல, ஈரல் கிளைக்கோசனை உடைத்து மூளைக்குக் குளுக்கோசு அனுப்புகிறது. ஒருநாள் பட்டினியில் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிறகு ஈரல் புதிதாகக் குளுக்கோசு ஆக்கும். கிளைக்கோசன் மாறும் வழியைத் துலக்கியவர்களுள் ஒருவரான கேர்ட்டி கோரி, 1947 இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற முதற் பெண் என்பதை இந்த மகளிர் கல்லூரியில் சொல்லாமல் விடமுடியாது.

என் அம்மா சலரோகக்காரர். ஒரு கந்தசஷ்டியன்று வழமைபோலக் காலைக் குளிசையைப் போட்டுவிட்டு உபவாசம் இருந்தார். மத்தியானம் வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. என்னைப் பார்த்து, "நீர் ஆர், பிள்ளை?" என்று கேட்டார். சீனித் தண்ணீர் பருக்கினேன். கால் மணித்தியாலத்தில் என் பெயரைச் சொன்னார்.

அது, உண்டாலும் உண்ணாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும் வகைக் குளிசை. இன்சுலின் மிகுந்திருக்கையில் ஈரல் இலகுவில் கதவைத் திறக்காது. களஞ்சியத்தில் இருப்பு இருந்தும் மூளைக்குக் கிடைக்கவில்லை. கிளினிக்கில் எத்தனையோ பேருக்கு இதைச் சொன்ன நான், வீட்டில் சொல்லவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

ஆகவே அக்காமாரே, குளிசையோ இன்சுலின் ஊசியோ பாவிப்பவர்கள் விரதத்துக்குச் சில வாரங்கள் முன்பே உங்கள் வைத்தியரைக் கேளுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், விரதத்தை முடித்துவிடுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயால் எதுவும் கொடாமல் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கொழும்பிலோ கனடாவிலோ இருக்கும் தங்கைமாரே, இன்றிரவு அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கையில் அவர் போடும் குளிசையின் பெயரையும் கேளுங்கள். முருகன் கோபிக்க மாட்டார்.