நெற்றிக்கண்ணும் நக்கீரர் சொல்லும்



ஊரூர் ஒல்காட் குப்பத்தின் கடற்காற்றில் கூடிக் கவிதை பேசும் நம் வட்டத்திற்கு ஆண்டு பத்து நிறைகின்றது. இந்நன்னாளில், எழுதுவோர்க்கும் எளியோர்க்கும் பொதுவான ஓர் உரிமையைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்னும் பெயரால் தெருத்தோறும் கேமராக்களைப் பொருத்தச் செய்தது. திருடரைப் பிடிக்க அவை உதவுகின்றன; அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பெயரைக் கேட்டதும் தமிழ் கற்றோர்க்கு நக்கீரர் நினைவு வரும். இறைவன் நெற்றிக்கண்ணைத் திறந்தபோதும் பாட்டின் குற்றத்தைக் குற்றம் என்றே உரைத்தவர் அவர். பார்க்கும் கண்ணையும் வினவலாம் என்பதே அக்கதையின் சாரம்.

அவர் பெயர் தாங்கிய இதழே இத்துறையில் ஒரு பெருந்தீர்ப்பைப் பெற்றுத் தந்தது. அண்டையிலுள்ள திருவான்மியூரில் வாழ்ந்த ஆட்டோ சங்கர், மரண தண்டனைக் கைதியாகச் சிறையிலிருந்து தன் வரலாற்றை எழுதினான். அதிகாரிகள் சிலருக்குத் தன்னோடு இருந்த உறவையும் அதில் குறித்திருந்தான். அதை வெளியிடலாகாதெனச் சிறைத்துறை 'நக்கீரன்' இதழை எச்சரித்தது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 1994 அக்டோபர் 7இல் வந்த தீர்ப்பு இரண்டு நெறிகளை வகுத்தது. குடிமகனின் இல்லம், மணம், குடும்பம் ஆகியன அவனுக்கே உரியன. தனித்து விடப்படும் உரிமை அவனுக்கு உண்டு. அரசு அலுவலரோ தம் கடமைச் செயல்கள் குறித்து அவ்வுரிமையைக் கோர இயலாது. வெளியீட்டை முன்கூட்டித் தடுக்கும் அதிகாரமும் அவர்க்கில்லை.

2017 ஆகஸ்டு 24இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என உறுதி செய்தது. அதில் அரசு தலையிடச் சட்டம் வேண்டும், தக்க நோக்கம் வேண்டும், நோக்கத்தை மிஞ்சாத அளவும் வேண்டும்.

இன்று இந்நெறி தலைகீழாகும் அச்சம் எழுந்துள்ளது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க மத்திய அரசுக்கு இடந்தருகின்றது. அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவைத் திருத்தி, பொதுநலன் கருதித் தனிநபர் தகவலைத் தரலாம் என்று அப்பிரிவிலிருந்த வாசகத்தை நீக்கியது. குடிமகனைக் காக்க வந்த திரை அலுவலருக்கு மறைப்பாகிவிடலாகாது.

ஆகவே கேட்போம். நம் தெருவின் படங்கள் எத்தனை நாள் வைக்கப்படும்? எவரெவர் பார்ப்பர்? எச்சட்டத்தின்படி? பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுவாக எழுதிக் கேட்க இன்னும் வழியுண்டு. வட்டத்தின் பதினோராம் ஆண்டில் அத்தகைய மனு ஒன்றையேனும் நம் உறுப்பினர் எழுத வேண்டுமென வேண்டி அமைகின்றேன்.