முகம் துடைத்த துணி
(தவக்கால வானொலி மறையுரை)



தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நம் ஆலயங்களில் சிலுவைப்பாதை செய்கிறோம். சுவரில் பதினான்கு படங்கள். முழந்தாளிட்டு, எழுந்து, பாடிக்கொண்டே அடுத்த நிலைக்கு நகர்கிறோம். குற்றமற்ற ஒரு மனிதர்மீது சிலுவையைச் சுமத்தி, ஆணி அடித்துக் கொல்வதைத்தான் அந்தப் படங்கள் காட்டுகின்றன. சிறுவயது முதல் பார்த்துப் பழகியதால் அது நமக்கு உறைப்பதில்லை. எனக்கு அது உறைத்த ஒரு நாளைப் பற்றி இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில், மொட்டமலைப் பக்கம் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருப்பது இந்தப் பகுதி நேயர்களுக்குத் தெரியும். அதுபோன்ற ஒரு முகாமின் மக்களும் சேர்ந்திருந்த பங்கில் சில ஆண்டுகளுக்கு முன் பணியாற்றினேன். அந்தத் தவக்காலத்தில் மறைக்கல்விப் பிள்ளைகளிடம், அவரவர் கண்ட, கேட்ட துன்பங்களை வைத்துச் சிலுவைப்பாதையை வரையச் சொன்னேன். முகாமிலிருந்து வந்த ஒரு சிறுமிக்கு எட்டாம் நிலை கிடைத்தது. எருசலேம் பெண்கள் இயேசுவைப் பார்த்து அழும் நிலை.

அவள் வரைந்த படத்தில் ஓர் ஆலயம் இடிந்து கிடந்தது. மேலே ஒரு விமானம். முற்றத்தில் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு பெண்கள் அழுகிறார்கள். அவர்கள் நடுவே இயேசு சிலுவையோடு நிற்கிறார். கீழே பென்சிலால் 'நவாலி' என்று எழுதியிருந்தாள்.

நவாலி யாழ்ப்பாணத்தில் உள்ள ஊர். 1995 ஜூலை 9 அன்று, போருக்குப் பயந்து வீடுகளை விட்டு வந்த மக்கள் அங்குள்ள புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். இலங்கை விமானப்படை வீசிய குண்டுகளில் நூறு பேருக்கும் மேல் மாண்டார்கள். சிறுமி பிறந்ததும் வளர்ந்ததும் தமிழ்நாட்டில். அவள் வரைந்தது அவளுடைய அம்மம்மா சொன்னது.

பதினான்கு படங்களையும் ஆலயத்தில் மாட்டினோம். இரண்டு வாரம் கழித்துச் சிலர் வந்தார்கள். "ஃபாதர், அந்த ஒரு படத்தைப் பார்த்தா மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு. சின்னப் பிள்ளைங்க பயப்படுது. முடிஞ்சுபோன கதைதானே, எதுக்கு?" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னவர்கள் அல்லர். நானும் யோசிக்காமல் அந்தப் படத்தை மட்டும் கழற்றி அலமாரியில் வைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்தபின், வெறும் சுவருக்கு முன்னால் அந்த அம்மம்மா நின்றுகொண்டிருந்தார்.

"சுவாமி, எங்கட படம் எங்க?"

"பத்திரமா இருக்கு பாட்டி" என்றேன்.

"இவ்வளவு காலமும் நாங்கள்தானே அதைப் பத்திரமா வைச்சிருந்தனாங்கள். ஒருக்கா எல்லாரும் பார்க்கட்டும் எண்டுதான் பிள்ளை வரைஞ்சது" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நடந்து போய்விட்டார்.

அன்பர்களே, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. போரைக் காட்டும் படைப்புகள் எல்லாம் ஒரே வகை அல்ல. நம் மொழியில் கலிங்கத்துப்பரணி இருக்கிறது. முதலாம் குலோத்துங்கனின் வெற்றியைச் செயங்கொண்டார் பாடிய நூல். அதில் போர்க்களமே சமையற்கட்டாகிறது. பேய்கள் கூழ் சமைத்து உண்கின்றன. தமிழின் அருமையான நூல்களில் ஒன்று. ஆனாலும் அது வென்ற அரசனின் புகழுக்காக எழுந்தது.

இன்னொரு வகை உண்டு. 1943இல், உலகப் போரின் நடுவே வங்காளத்தில் கொடும் பஞ்சம் வந்து, இலட்சக்கணக்கானோர் இறந்தார்கள். சித்தபிரசாத் என்னும் ஓவியர் மேதினிபூர் மாவட்டத்தின் ஊர்களுக்கு நடந்தே போனார். எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்களை மையால் வரைந்தார். வெறுமனே 'பசித்த மனிதர்' என்று போடாமல் அவர்களுடைய பெயரையும் கதையையும் எழுதி வைத்தார். அவை சிறு நூலாக வெளிவந்தபோது ஆங்கில அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. பார்ப்பவர் மனசாட்சி விழித்துக்கொள்ளும் என்ற பயம்தான் காரணம். அந்த அரசு பெரிதாகச் செய்ததை, நான் ஓர் ஆணியைப் பிடுங்கிச் சிறிதாகச் செய்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையை நினைத்துப் பாருங்கள். வெரோணிக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இயேசுவின் முகத்தைத் துடைக்கிறார். துணியில் அந்தத் திருமுகம் பதிந்துவிடுகிறது. நற்செய்தி நூல்களில் இது இல்லை. திருச்சபையின் மரபு நமக்குத் தந்தது. வெரோணிக்கா படம் எடுக்க வரவில்லை. இரத்தத்தையும் வியர்வையையும் துடைக்க வந்தார். கை நீட்டியவருக்கே அந்த முகம் கிடைத்தது.

இன்று நம் எல்லார் கையிலும் படம் எடுக்கும் கருவி இருக்கிறது. மதுரை–தென்காசி சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால், தண்ணீர் கொடுப்பவரைவிட செல்போனைத் தூக்கிப் பிடிப்பவர் அதிகம். காசாவின் குழந்தையை, உக்ரைனின் தாயை விரலால் ஒதுக்கிவிட்டு அடுத்த வேடிக்கைக்குப் போகிறோம். ஒரு பக்கம் துன்பத்தை வேடிக்கை பார்க்கிறோம். மறு பக்கம் உண்மையாகச் சொல்ல வந்த படத்தை, மனசு சங்கடப்படுகிறது என்று கழற்றுகிறோம். இரண்டிலும் அடிபட்டவர் தனியாகத்தான் விடப்படுகிறார்.

'முடிந்துபோன கதை' என்கிறோமே, உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களை மறைக்கவில்லை. சாவை வென்ற உடலிலும் ஆணித் தழும்புகள் இருந்தன. தோமாவை அழைத்து அவற்றைத் தொடச் சொன்னார். பழிவாங்கும்படி தூண்டுவதற்காக அல்ல. நம்பிக்கை கொள்வதற்காகக் காட்டினார். காயத்தைக் காட்டுவதும் சமாதானம் சொல்வதும் அவரிடத்தில் ஒன்றாகவே இருந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் படத்தை மீண்டும் மாட்டினேன். நான் செய்தது தவறு என்று மக்கள் முன் சொன்னேன். எட்டாம் நிலையில் செபம் சொல்லும்படி அம்மம்மாவைக் கேட்டுக்கொண்டேன். அவர் செபப் புத்தகத்தைத் திறக்கவில்லை. அந்த ஆலயத்தில் மாண்டவர்களில் தமக்குத் தெரிந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் மக்கள் பதில் செபம் சொன்னார்கள். அவர் கால்கள் நடுங்கியதைக் கண்டு, முன்பு என்னிடம் குறை சொல்ல வந்தவர்களில் ஒருவரே நாற்காலி எடுத்துவந்து போட்டார்.

அன்பு நேயர்களே, இந்த வாரம் சிலுவைப்பாதை செய்யும்போது ஆறாம் நிலையில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் தெருவில், உங்கள் பங்கில், தம் கதையைக் கேட்க ஆளில்லாமல் இருப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். முகாமிலோ, முதியோர் இல்லத்திலோ, பக்கத்து வீட்டிலோ அவர் இருக்கலாம். போய் அருகில் உட்காருங்கள். அவர் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். அவர் முகத்தைத் துடைக்கும் துணி அதுவே.

பாடுகளின் ஆண்டவர் நம் கண்களையும் கைகளையும் ஆசீர்வதிப்பாராக.